அக்காவின் கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர்

மரக்கன்று ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் மாமியார். ஆறடி உயரமும் அடர்ந்த மீசையுமாக இருக்கிற ஆண்பிள்ளைக்கு இப்படி ஒரு பட்டப்பெயரா என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே கேட்பார்கள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

விஷயம் இதுதான். அங்கே வேங்கை மரத்தைக் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கிறார்கள். மழை குறைந்த மேட்டு நிலத்திலும் நெடுநெடுவென்று நிற்கிற நல்ல மரமாகப் பார்த்து, அதன் துளிரைச் சின்னதாக நறுக்கி எடுத்து, சர்க்கரையும் சத்தும் கலந்த ஜெல்லியில் நட்டு வைப்பார்கள். பிழைத்தால் ஒன்று நாலாகும், நாலு பத்தாகும். விதை போட்டு முளைக்க வைத்தால் எந்தப் பிள்ளை எப்படி வளரும் என்று சொல்ல முடியாது. புட்டியில் வளர்ந்தது தாய் மரத்தை அச்சில் வார்த்த மாதிரி வரும். அந்த அறையில் விளக்கு வெளிச்சம் உண்டு, வெயில் கிடையாது. காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். வெள்ளை அங்கியும் முகமூடியுமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, இடுக்கியால் தளிரைப் பிடித்து ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கே வளர்கிற செடிக்குப் பசியும் தெரியாது, தாகமும் தெரியாது. வெயில் ஏறினால் இலையின் துளைகளை மூடிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தெரியாது. அவ்வளவு செல்லம்.

அது பிறந்த வீடு. வேர் விட்டதும் புகுந்த வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் புகுந்த வீடு கட்டடத்துக்குப் பின்னால் இருந்த நிழல்வலைக் கொட்டகை. அங்கே எல்லாம் இவர் வைத்ததுதான் சட்டம். வேரில் ஒட்டிய ஜெல்லியைக் கழுவி, தேங்காய்நார்த் தூள் நிரப்பிய குழித்தட்டில் நட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, உள்ளே பனி மாதிரி நீரைத் தூவி முதலில் தாங்கு தாங்கென்று தாங்குவார். அப்புறம் தாளின் ஒரு மூலையைத் தூக்கிவிடுவார். அப்புறம் தாளையே எடுத்துவிடுவார். நீளமான பைகளுக்கு மாற்றி, வெயிலில் வைத்து, தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வருவார். கடைசி மாதங்களில் அவர் ஈவு இரக்கம் இல்லாத ஆள். மத்தியானம் இலை தொங்கினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் தண்ணீர் கிடையாது. மறுநாள் விடிந்தும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தண்ணீர். தாகம் எடுத்தால்தான் வேர் கீழே இறங்கித் தேடும். தேடிப் பழகாத வேர் மானாவாரி நிலத்துக்குப் போனால் முதல் கோடையிலேயே முடிந்துவிடும். தளிர் மாற்றும் பெண்கள் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "எங்க பொண்ணை ரொம்பப் படுத்தாதீங்க மாமியாரே" என்பார்கள். அவரும் முறைப்பாக, "இங்க வந்தா இங்க இருக்கிற மாதிரிதான் இருக்கணும்" என்பார். இந்தப் பேச்சு அங்கே அலுக்கவே அலுக்காது.

தன் கொட்டகையிலிருந்து போன கன்று சோடை போனதில்லை என்பது அவருடைய பெருமை. அதை அவர் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டு வீட்டில் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. பேருந்தில் ஏறி இறங்கினால் அக்கா வீடு. அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அக்கா வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை, ஆனால் மற்றவர்கள் வாயை மூடியதும் இல்லை. அவரும் மனைவியும் வேலைக்குப் போன காலத்தில் அவர்களுடைய மகளை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தது அக்காதான். மகள் முதலில் பேசிய வார்த்தை அத்தை. அதற்காக மனைவி கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்லும் சரளையுமாக ஒரு மேட்டு நிலம் இருந்தது. எதைப் போட்டாலும் போட்டது திரும்ப வராது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அதில் மரம் வைக்கப் போவதாக அக்கா சொன்னாள். "நான் போன பிறகும் நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி ஏதாவது வைக்கணும் தம்பி" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரால்தான் சிரிக்க முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் முறைப்படி கேட்டு வாங்கினார். அக்காவின் பங்குக்கு வந்த கன்றுகளைக் கொட்டகையின் கிழக்கு ஓரத்தில் தனியாக அடுக்கி, ஒவ்வொரு பையின் காதிலும் சிவப்பு நூல் கட்டினார். நூல் கட்டிய நாளிலிருந்து மாமியார் மாமியாராக இல்லை.

மத்தியானம் கொட்டகையில் எல்லாக் கன்றும் தொங்கும். மற்ற வரிசைகளைத் தாண்டி வருவது அவருக்கு ஒன்றுமே இல்லை. கிழக்கு ஓரத்துக்கு வந்தால் கால் நின்றுவிடும். தலை கவிழ்ந்து நிற்கிற அந்தக் கன்றுகளைப் பார்த்தால், நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது குழந்தைப் பேச்சை எடுத்ததும் தரையைப் பார்க்கிற அக்காவின் முகம் நினைவுக்கு வரும். ஒரு தடவை ஊற்றினால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று வேர் கழுவி மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் இலைகள் பளிச்சென்று நிமிர்ந்தன. மனசு குளிர்ந்து போயிற்று. அடுத்த நாளும் ஊற்றினார். அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும் நேரம் பார்த்து, வாளியை முண்டுத் துணியால் மூடி எடுத்துப் போவார். ஊரில் உள்ள கன்றுக்கெல்லாம் ஒரு சட்டம், அக்கா கன்றுக்கு ஒரு சட்டம். தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் ஊற்றினார்.

மழைக்காலத் தொடக்கத்தில் வண்டி போட்டுக் கன்றுகளை இறக்கியபோது பார்த்தவர்கள் அசந்து போனார்கள். அக்காவுடையது உள்ளங்கை அகல இலையோடு மதமதவென்று இருந்தது. பக்கத்து நிலத்துக்காரரும் அதே தாய் மரத்துக் கன்றுகளை அன்றைக்குத்தான் இறக்கியிருந்தார். அவருடையது வெறும் குச்சியாக, நாலு இலையோடு நின்றது. தன் அக்காவுக்கு மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று அவர் பாதி விளையாட்டாகவும் பாதி வயிற்றெரிச்சலாகவும் சொன்னார். இவர் மீசையைத் தடவிக்கொண்டார். அக்கா ஒரு கன்றைக்கூட மாமா கையில் விடவில்லை. எல்லாவற்றையும் தானே குழியில் இறக்கி, தானே மண் அணைத்தாள்.

கோடை வந்தது. பக்கத்து நிலத்துக் குச்சிகள் இருந்த இலையையும் உதிர்த்துவிட்டு, செத்த மாதிரி நின்று, முதல் தூறலுக்குத் துளிர்த்துவிட்டன. அக்காவின் கன்றுகள் துளிர்க்கவில்லை. ஓடியாடிக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் ஒன்றுகூடத் தேறவில்லை.

அக்கா ஆளனுப்பியதும் அவர் ஓடினார். ஒரு கன்றைப் பிடித்து இழுத்தார். இழுக்கக்கூட வேண்டியதில்லை, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேர் முழுக்கப் பை மண்ணின் மேல்பாதியிலேயே பஞ்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சாண்கூடக் கீழே இறங்கவில்லை. எதற்கு இறங்க வேண்டும்? அதற்குத்தான் தினமும் மேலேயே கிடைத்ததே. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா வரப்பில் நின்று, "என்ன தம்பி ஆச்சு" என்று கேட்டாள். அவர் அந்த வேரைக் காலால் மண்ணுக்குள் தள்ளினார்.

பூஞ்சையாக இருக்கும், பரவிவிடும், எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடலாம் என்று சொன்னார். அவரே பிடுங்கினார், அவரே தீ வைத்தார். அந்த வாரம் ஆய்வுக்கூடத்துத் தலைவி, டாக்டரம்மா, எங்கெங்கே எத்தனை பிழைத்தது என்று நிலம் நிலமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். படித்தவர், கூர்மையானவர். ஒரே ஒரு வேர் கிடைத்திருந்தால் போதும், கண்டுபிடித்திருப்பார். அங்கே சாம்பல்தான் இருந்தது. ஒரே தாய், ஒரே கொட்டகை, இங்கே மட்டும் ஏன் என்று கேட்டார். அக்காவும் மாமாவும் கை கட்டி நின்றார்கள். பூஞ்சை என்றால் கொட்டகையைச் சோதிப்பார். இவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கன்னு நல்ல கன்னுதான் மேடம். இவங்களுக்குப் பழக்கம் இல்ல, சரியா கவனிக்கத் தெரியல."

டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். அக்கா, தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அந்த நினைப்புத்தான் பிற்பாடு அவரைப் படுத்தாத பாடு படுத்தியது. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். விஷயம் வெளியே போனால் கொட்டகைப் பொறுப்பு போய்விடும், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றாள் அவள். தன் பேச்சைச் சுலபத்தில் கேட்காத கணவன் அன்று ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டார் என்று அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு இப்போது அவல் கிடைத்துவிட்டது. ஒரே கன்று, ஒரே மண், அடுத்தடுத்த நிலம். ஒருத்தர் கையில் பிழைக்கிறது, ஒருத்தர் கையில் கருகுகிறது. அப்புறம் கைராசி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? சொன்னார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவும் சொன்னார்கள். அக்கா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை விட்டாள். அடுத்த விதைப்புக்கு விதைக் கூடையை மாமாவிடம் நீட்டி, "நீங்களே போடுங்க, என் கை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். வாசலில் இருந்த பூந்தொட்டிகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மாமா இதை மச்சினரிடம் சொல்லி வருத்தப்பட்டார். மச்சினர் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

இதற்கிடையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கூடமெல்லாம் துணியும் பாலாடையுமாக ஒரே கலகலப்பு. மகளுடைய மாமியார், அதாவது நிஜமான மாமியார், பேத்தியைப் பார்க்க வந்திருந்த அன்று அக்காவும் வந்தாள். வாசலிலேயே கை கால் கழுவி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஆசையாகக் கையை நீட்டினாள். சம்பந்தியம்மா குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. சில பேர் கைக்குப் பச்சை ஒட்டாதுன்னு சொல்வாங்க. அந்தக் கன்னெல்லாம் கருகிப் போச்சாமே. பச்சப்புள்ள பாருங்க, அதான்."

மகள் அப்போது உள்ளறையில் படுத்திருந்தாள். மனைவி அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் இருந்தது அவர் ஒருவர்தான், கையில் தேநீர்க் குவளையோடு. அக்கா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவர் குவளைக்குள் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, ஆடை படிந்து ஆறிப்போன தேநீர்தான் இருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வெளியே போனார். தெருமுனைக் கடை வரைக்கும் போய், எதையும் வாங்காமல் நின்றார். திரும்பி வந்தபோது அக்கா போய்விட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா வராமல் இல்லை. வந்தாள், துணி துவைத்துப் போட்டாள், மகளுக்குத் தலைவாரி விட்டாள். குழந்தையை மட்டும் தொடவில்லை. குழந்தை அழுதால், "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்பாள். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள். "அத்தைக்கு என் மேல என்னப்பா கோபம்? என்னைத் தூக்கி வளர்த்தவங்க, என் புள்ளையை ஒரு தடவைகூடத் தூக்க மாட்டேங்கிறாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டுக் கண் கலங்கினாள். தப்புப் பண்ணினவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கைக்கு வந்ததை எல்லாம் எரித்தாயிற்று, மூடியாயிற்று, இந்தப் பிள்ளையின் முகத்தை எதைக் கொண்டு மூடுவது என்று தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா பின்பக்கம் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். மாமா இல்லை. நல்லவேளை என்று நினைத்தார், நினைத்ததற்காக வெட்கப்பட்டார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சிவப்பு நூல், வாளி, முண்டுத் துணி, பஞ்சாகச் சுற்றியிருந்த வேர், பூஞ்சை என்று சொன்ன பொய், எல்லாம். இடையில் ஓரிடத்தில்கூட அக்கா ஊசியை நிறுத்தவில்லை. அவர் முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"பாவமா இருக்குன்னு ஊத்தினியா?"

"ஆமாக்கா."

"செடி மேலயா, என் மேலயா?"

அவர் அவள் மடியில் கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"சரி, அத விடு. டாக்டரம்மா வந்தப்ப எனக்குக் கவனிக்கத் தெரியலன்னு சொன்னியே. அது யார் மேல பாவப்பட்டு?"

பதில் இருந்தது, ஆனால் அது சொல்லக்கூடியதாக இல்லை. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால், நாலு அடி அடித்திருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவள் சாக்கை உதறி மடித்தாள்.

"கன்னு செத்தது எனக்குப் பெருசில்ல. மழை இல்லாம சாகும், பூச்சி விழுந்து சாகும். நான் எத்தனையோ பார்த்திருக்கேன். அன்னைக்குச் சம்பந்தியம்மா சொன்னப்ப நீ அங்கதான் உட்கார்ந்திருந்தே. நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ தெரிஞ்சுக்கிட்டே எழுந்து போயிருக்கே."

அவர் மன்னிப்பு என்று ஏதோ முனகினார். என்னிடம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை, எங்கே பேசவில்லையோ அங்கே போய்ப் பேசு என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். போகிற போக்கில், சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொன்னாள். அதுதான் அவரை இன்னும் கொன்றது.

முதலில் டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு நிலம் முழுக்கக் கன்று போனதற்கு அவர் எழுதிவைத்திருந்த காரணம் பொய்யாகிப் போயிற்று. உங்களை நம்பித்தான் வேரைத் தேடாமல் வந்தேன் என்றார். அடுத்த வாரத்திலிருந்து இவருக்குப் புட்டி கழுவுகிற வேலை. கொட்டகைக்கு வேறு ஆள். தளிர் மாற்றும் பெண்கள் அவரைப் பார்த்தால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பேச்சை நிறுத்தினார்கள். இது நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. தண்டனை கிடைத்தால் மனசு இலகுவாகும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஆகவில்லை.

சம்பந்தியம்மா மறுபடி வந்த அன்று அவரே போய் அக்காவையும் மாமாவையும் அழைத்துவந்தார். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மனைவி ஜாடை காட்டினாள், இப்போது வேண்டாம் என்று. இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னார்.

"எங்க அக்கா கையில ஒரு குறையும் இல்ல. அந்தக் கன்னுங்களுக்குத் திருட்டுத்தனமா தண்ணி ஊத்திக் கெடுத்தது நான். தெரிஞ்சும் மறைச்சேன். பழியை அவ மேல போட்டேன். அன்னைக்கு இந்தக் கூடத்துல சொல்ல வேண்டியதை இன்னைக்குத்தான் சொல்றேன்."

மாமா தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சம்பந்தியம்மா, நான் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது, மனசில் ஒன்றும் இல்லை என்று இழுத்தார். மகளுக்கு இப்போதுதான் முழுக் கதையும் புரிந்தது. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் ஆயுளுக்கும் மறக்கப் போவதில்லை. அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அத்தையிடம் போய், முன்னால் மண்டியிட்டு நீட்டினாள்.

அக்காவின் கை மடியிலேயே இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. அவள் பிரிக்கப் பார்க்கிறாள் என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. குழந்தை அந்தரத்தில் காலை உதைத்தது. மகளின் கை வலித்திருக்கும், ஆனாலும் அவள் நீட்டியபடியே இருந்தாள்.

"நீயே வச்சுக்கோம்மா," என்றாள் அக்கா கடைசியில். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "நீ சொன்னது காதுல விழுந்துடுச்சு தம்பி. கைக்குத்தான் இன்னும் வந்து சேரல."

மகள் ஒன்றும் சொல்லாமல் பாயில் ஒரு துணியை விரித்து, அத்தையின் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைத்தாள். அது கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு கால் அக்காவின் முழங்காலில் போய் இடித்தது, மறுபடியும் இடித்தது. அக்கா கை நீட்டவில்லை. முழங்காலை நகர்த்திக்கொள்ளவும் இல்லை. அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இனி தன்னால் செய்யக்கூடியது ஒன்றும் பாக்கியில்லை என்று அவருக்குத் தெரிந்தது.